பழைய ரயில் டிக்கெட்டுக்கும் ஊர் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ரயில்வே பொருட்களைச் சேர்ப்பவர்கள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, எங்கள் பக்கத்தில் பலரைப் பரண் ஏற வைத்திருக்கிறது. ரயில்வேயில் வேலை பார்த்துக் காலமான தாத்தாக்களின் டிரங்குப் பெட்டிகளை எல்லாம் திறந்து பார்க்கிறார்கள். மிகவும் நல்லது. ஆனால் கட்டுரையோடு வந்த படங்களில் கை விளக்கு புதுப் பாத்திரக் கடை விளக்காட்டம் மின்னியது. டிக்கெட்டுகள் லேமினேஷன் செய்யப்பட்டிருந்தன. எந்தப் பொருளுக்குக் கீழேயும் அது எந்த ஊரிலிருந்து வந்தது என்று ஒரு வரி இல்லை. இப்போது பெட்டியைத் திறந்திருப்பவர்கள் அதையே செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஒரு விளக்கு எந்த ஸ்டேஷனில் இருந்தது, ஒரு டிக்கெட் எந்த ஜன்னலில் விற்றது என்ற செய்தி போய்விட்டால், மிஞ்சுவது பித்தளையின் எடையும் அட்டையின் கனமும்தான். அந்தச் செய்தி பெரும்பாலும் பொருளின் மேலேயே இருக்கிறது. அதைப் படிக்கத் தெரியாமல்தான் தேய்த்தும் ஒட்டியும் அழித்துவிடுகிறோம்.

டிக்கெட்டிலிருந்து தொடங்குகிறோம். அதிகம் கிடைப்பதும் அதுதான், அதிகம் பாழாவதும் அதுதான். இங்கிலாந்தில் தாமஸ் எட்மண்ட்சன் என்ற ஸ்டேஷன் மாஸ்டர் 1830-களில் கொண்டுவந்த அட்டை டிக்கெட்டின் அளவு ஏறத்தாழ 57 மி.மீ.க்கு 30 மி.மீ.; கனம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நம் ஊர் ஸ்டேஷன்களில் கணினி டிக்கெட் வரும்வரை இதே அட்டைதான் விற்றது. இலங்கை ரயில்வேயில் அண்மைக்காலம் வரை புழங்கியது.

தேதி அழிந்துபோன டிக்கெட்டுக்கும் காலம் சொல்ல முடியும். கட்டணத்தைப் பாருங்கள். அணா என்று இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தைய அச்சு. நயா பைசா என்றால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. வெறும் பைசா என்றால் அதற்குப் பிந்தியது. அடுத்து வகுப்பு. மூன்றாம் வகுப்பு 1974-ல் ஒழிந்தது. இன்டர் கிளாஸ் என்று போட்டிருந்தால் 1955-க்கு முந்தையது. அந்த ஆண்டில்தான் பழைய முதல் வகுப்பை எடுத்துவிட்டு, இரண்டாம் வகுப்பை முதல் என்றும் இன்டரை இரண்டாம் என்றும் மாற்றினார்கள். நாகரி எழுத்து இருந்தால் சுதந்திரத்துக்குப் பிந்தைய அச்சு என்று எடுத்துக்கொள்ளலாம். கடைசியாக ஊர்ப் பெயர். டிரிச்சினாபொலி (திருச்சி), டான்ஜோர் (தஞ்சாவூர்), டின்னவெல்லி (திருநெல்வேலி), நெகபடாம் (நாகப்பட்டினம்), ஷியாலி (சீர்காழி) என்ற ஆங்கில எழுத்துக்கூட்டல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில் மாறியவை. விருதுநகர் 1923 வரை விருதுபட்டி. மாயவரம், மாயூரம் என்று இருந்தது 1982-ல் மயிலாடுதுறை ஆனது.

இதைச் சேர்த்துப் பார்ப்பது எப்படி என்பதற்கு எங்கள் ஊர்ப் பாதையையே சொல்கிறோம். மயிலாடுதுறையிலிருந்து மன்னம்பந்தல், செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் வழியாகத் தரங்கம்பாடிக்கு ஒரு மீட்டர் கேஜ் பாதை இருந்தது. 1926-ல் வந்தது, 1986-ல் நின்றது. ஆகவே ட்ராங்கிபார் என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட எந்த டிக்கெட்டும் இந்த 60 ஆண்டுக்குள்தான் விற்றிருக்க வேண்டும். அதில் மாயூரம் ஜங்ஷன், மூன்றாம் வகுப்பு, நயா பைசா என்ற மூன்றும் இருந்தால் அச்சான காலம் ஏழே ஆண்டுக்குள் வந்து நின்றுவிடுகிறது. தேதியே தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. மேலே சொன்னதெல்லாம் அச்சான காலம். விற்ற காலம் அல்ல. கூட்டம் இல்லாத சின்ன ஸ்டேஷனில் ஒரு கட்டு டிக்கெட் பல வருடம் அலமாரியில் கிடக்கும். பெயர் மாறிய பிறகும், கட்டணம் மாறிய பிறகும் பழைய கையிருப்பையே பேனாவாலோ ரப்பர் ஸ்டாம்பாலோ திருத்தி விற்பது உண்டு. அப்படித் திருத்திய டிக்கெட்டைக் குறையுள்ளது என்று ஒதுக்குபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. உண்மையில் அதுதான் அரிய டிக்கெட். இரண்டு காலத்தையும் ஒரே அட்டையில் காட்டுகிறது.

விற்ற தேதியைப் படிக்க ஒரு வழி இருக்கிறது. ஜன்னலில் டிக்கெட்டைத் தேதி மெஷினுக்குள் விட்டு இழுப்பார்கள். அது மையால் மட்டும் எழுதவில்லை. அட்டையை அழுத்திப் பள்ளமும் ஆக்கியது. மை வெளுத்தாலும் பள்ளம் போகாது. அறையை இருட்டாக்கி, டிக்கெட்டை மேஜையில் படுக்க வைத்து, சின்ன டார்ச்சை ஏறக்குறைய மேஜையோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் வெளிச்சம் அடியுங்கள். எண்களின் ஓரத்தில் நிழல் விழும். இடப்பக்கம் ஒரு படம், வலப்பக்கம் ஒரு படம், மேலிருந்து ஒரு படம் எடுத்தால் 3-ஆ 8-ஆ என்ற குழப்பம் பெரும்பாலும் தீரும். லேமினேஷன் செய்த டிக்கெட்டில் இது நடக்காது. சூடும் அழுத்தமும் பள்ளத்தைச் சமமாக்கிவிடும். பிறகு எந்த விளக்கும் அதைக் காட்டாது. வருடம் இரண்டு இலக்கத்தில்தான் இருக்கும் என்பதால் கட்டணம், வகுப்பு இவற்றோடு ஒத்துப்பார்த்த பிறகே எழுதிக்கொள்ளுங்கள்.

போலி டிக்கெட்டும் வந்துவிட்டது. தனுஷ்கோடி டிக்கெட்டுக்கு விலை அதிகம் என்பதால் அதில்தான் ஏமாற்று அதிகம். பாம்பன் பாலம் 1914 பிப்ரவரியில் திறந்த பிறகு போட் மெயில் தனுஷ்கோடி வரை போனது. அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். 1964 டிசம்பர் புயல் அந்த ஸ்டேஷனை எடுத்துக்கொண்டது. 1914-க்கு முன்போ 1964-க்குப் பின்போ தேதி போட்ட தனுஷ்கோடி டிக்கெட்டை யார் காட்டினாலும் வாங்காதீர்கள். தேதி சரியாக இருந்தாலும் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் எழுத்தைப் பாருங்கள். ஈய எழுத்தில் அச்சானது என்றால் எழுத்தின் விளிம்பில் மை ஒதுங்கி ஒரு கரை கட்டியிருக்கும். வரிசை எண் தனியாக எண் மெஷினில் அடித்தது என்பதால் மற்ற வரிகளோடு நூல் பிடித்தாற்போல் இருக்காது. கணினி பிரிண்டரில் எடுத்தது என்றால் விளிம்பில் வண்ணப் புள்ளிகள் தெரியும். ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா டார்ச் இருந்தால் இன்னும் நல்லது. 1950-களுக்கு முந்தைய காகிதத்தில் வெண்மையூட்டும் ரசாயனம் இருக்காது. 1930 தேதியிட்ட டிக்கெட் நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் அது நேற்றைய அட்டை.

டிக்கெட்டை ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டாதீர்கள், செல்லோடேப் கூடவே கூடாது. ஏற்கெனவே ஒட்டியிருந்தால் தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். தபால்தலைக்குச் சரி, டிக்கெட்டுக்கு ஆகாது. இந்த அட்டை பல தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்தது, நனைந்தால் உரிந்துவிடும். ரப்பர் ஸ்டாம்பின் ஊதா மை கரைந்து பரவும். ஆல்பத் தாளைச் சுற்றிக் கத்தரித்து அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மென்மையான, நெடியடிக்கும் பி.வி.சி. உறைகள் சில ஆண்டில் ஒட்டிக்கொண்டு அச்சைத் தூக்கிவிடும். பாலியெஸ்டர் உறை வேண்டும். கடலோர ஊர்களில் மழைக்காலம்தான் எதிரி. பெட்டியில் சிலிகா ஜெல் போடுங்கள். நிறம் மாறியதும் 120 டிகிரி சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்து ஆறவிட்டால் மறுபடி உதவும். வெள்ளிப்பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் வைக்கலாம், டிக்கெட்டைத் தொடக் கூடாது. குறிப்பு எழுதுவது உறைக்கு வெளியே, அதுவும் பென்சிலில்.

உலோகப் பொருட்களுக்கு வருவோம். விளக்கு, மணி, விசில், பித்தளைப் பில்லை எல்லாவற்றிலும் கம்பெனியின் முதலெழுத்துகள் இருக்கும். எஸ்.ஐ.ஆர். என்றால் 1874-ல் உருவாகி 1951 வரை இருந்த சவுத் இந்தியன் ரயில்வே. எம் அண்ட் எஸ்.எம். என்றால் 1908-ல் சேர்ந்த மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா. அதுவும் 1951 வரை. அந்த ஆண்டு ஏப்ரல் 14 அன்று இந்த இரண்டும் மைசூர் ரயில்வேயும் சேர்ந்து தெற்கு ரயில்வே ஆயின. சி.ஜி.ஆர். என்றால் சிலோன் கவர்மென்ட் ரயில்வே. போட் மெயில் இருந்த காலத்துத் தொடர்பால் அதன் பொருட்கள் ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்க வீடுகளில் கிடைத்தால் வியப்பதற்கில்லை.

தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. எஸ்.ஆர். என்று பொறித்ததெல்லாம் நம் தெற்கு ரயில்வே அல்ல. இங்கிலாந்திலும் 1923 முதல் 1947 வரை அதே பெயரில் ஒரு ரயில்வே இருந்தது. அதன் விளக்குகளிலும் அதே இரண்டு எழுத்துதான். அதேபோல எம்.ஆர். என்பது 1907 வரை இருந்த மெட்ராஸ் ரயில்வேயாகவும் இருக்கலாம், 1922 வரை இருந்த இங்கிலாந்தின் மிட்லண்ட் ரயில்வேயாகவும் இருக்கலாம். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு 1856-ல் ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் மெட்ராஸ் ரயில்வேயுடையது என்பதால் அந்த எழுத்துக்குத் தனி விலை வைக்கிறார்கள். எழுத்தை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். ஸ்டேஷன் பெயரோ, பொருளைக் கொடுத்த குடும்பம் எந்தப் பாதையில் வேலை பார்த்தது என்ற செய்தியோ கூடவே வர வேண்டும்.

சிவப்பு, பச்சை, வெள்ளை என மூன்று நிறம் காட்டும் கை விளக்கில் போலி மிகுதி. காரைக்குடி பழம்பொருள் கடைகளில் நல்ல விளக்கும் வருகிறது, புதிதாக வார்த்துப் பழசாக்கியதும் வருகிறது. எழுத்தைத் தடவிப் பாருங்கள். பட்டறையில் ஒவ்வோர் எழுத்தாகச் சுத்தியலால் அடித்தது என்றால் பள்ளமாக இருக்கும், ஆழம் ஒரே சீராக இருக்காது, வரி கொஞ்சம் கோணியிருக்கும். வார்ப்பில் வந்த எழுத்து மேடாக, விளிம்பு மழுங்கி, சுற்றிலும் மணல் புள்ளியோடு இருக்கும். திருகாணியின் தலையில் கூட்டல் குறி இருந்தால் அந்தத் திருகாணியாவது புதுசு. பிறகு விளக்கின் மேல்மூடியைக் கழற்றிப் புகைப் பாதைக்குள் விரலை விடுங்கள். பல வருடம் மண்ணெண்ணெயில் எரிந்த விளக்கில் கரி ஒட்டிக் கெட்டியாகியிருக்கும். வெளியே நூறு வருடக் களிம்பும் உள்ளே சுத்தமான தகரமும் இருந்தால் கையை எடுத்துவிடலாம்.

எல்லாவற்றிலும் நல்ல சோதனை பச்சைக் கண்ணாடி. பழைய கை விளக்கின் பச்சைக் கண்ணாடியை வெயிலில் பிடித்தால் அது பச்சையாக இருக்காது. நீலம் தூக்கலாகத் தெரியும். மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சள். அந்த மஞ்சள் நீலப்பச்சை வழியாக வரும்போதுதான் தூரத்தில் இருக்கும் டிரைவர் கண்ணுக்குச் சரியான பச்சை ஆகும். போலி செய்பவர்கள் சாதாரணப் பச்சைக் கண்ணாடி போட்டுவிடுகிறார்கள். ஆனால் கண்ணாடி உடைந்து பின்னால் மாற்றிய உண்மையான விளக்குகளும் இருக்கின்றன; ஆகவே இந்த ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல், கரி, எழுத்து, திருகாணி எல்லாம் சேர்த்துப் பாருங்கள்.

வாங்கியதும் புளி போட்டுத் தேய்ப்பது நம் வீடுகளின் வழக்கம். குத்துவிளக்குக்கு அது சரி. ரயில் விளக்குக்கும் பில்லைக்கும் வேண்டாம். புளியின் அமிலம் பித்தளையில் உள்ள துத்தநாகத்தைத் தின்று அங்கங்கே செம்பு நிறத் திட்டு விடும். சாம்பலும் பாத்திரப் பொடியும் ஆழமில்லாத எழுத்தை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடும். கம்பெனி எழுத்து பிழைத்துக்கொள்ளும். அதற்குக் கீழே மெல்லிய கோட்டில் யாரோ கீறிய ஸ்டேஷன் பெயர் போய்விடும். நமக்கு வேண்டியது அந்தக் கீறல்தான். உலர்ந்த பருத்தித் துணியால் தூசி துடைத்து, சுழலாமல் நின்றுபோன கண்ணாடி உள்சட்டத்துக்கு இரண்டு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு ஒரு நாள் பொறுத்திருங்கள். பல்பு மாட்ட அடியில் துளை போடுகிறார்கள், அது வேண்டாம். ஏற்றிப் பார்க்கவும் வேண்டாம், பழைய ஈயப்பற்று இளகி மூட்டு விட்டுவிடும்.

தண்டவாளத் துண்டை யாரும் சேகரிப்புப் பொருளாக நினைப்பதில்லை. ஆனால் ஸ்டேஷன் மணி என்று பல இடங்களில் தொங்கியது ஒரு துண்டுத் தண்டவாளம்தான். தலைக்கும் அடிக்கும் நடுவே உள்ள பட்டைப் பகுதியில் தயாரித்த ஆலை, ஆண்டு, எடை, சில சமயம் ரயில்வேயின் எழுத்து எல்லாம் மேடாக உருட்டியிருக்கும். துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டாமல், மெல்லிய தாளை மேலே விரித்துப் பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தால் எழுத்து தாளில் ஏறும். வெள்ளைச் சாக்பீஸை மேலாகத் தடவிப் படம் எடுத்தாலும் வரும். எழுத்து முழுக்கப் போயிருந்தால் தராசு இருக்கிறது. ஒரு அடி நீளத் துண்டு சுமார் ஏழரை கிலோ இருந்தால் கஜத்துக்கு 50 பவுண்டு ரகம். 9 கிலோ என்றால் 60 பவுண்டு. ஆறேகால் கிலோவுக்குள் என்றால் மீட்டர் கேஜில் புழங்கிய 41¼ பவுண்டு ரகமாக இருக்கலாம். தேய்மானத்தால் கொஞ்சம் குறைந்தே காட்டும்.

அந்த ஆண்டை வைத்துப் பாதையின் வயதைச் சொல்லிவிடாதீர்கள். மெயின் லைனில் ஓடித் தேய்ந்த தண்டவாளத்தைக் கழற்றிக் கிளைப் பாதையில் போடுவது ரயில்வேயின் வழக்கம். 1926-ல் திறந்த பாதையில் அதற்கு முப்பது ஆண்டு முந்தைய தண்டவாளம் கிடைத்தால் அது தவறல்ல. அந்த இரும்பு இரண்டு பாதைகளில் வாழ்ந்திருக்கிறது.

சட்டம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்கு இது தெரியவில்லை. ரயில்வே சொத்து திருடப்பட்டதென்று சந்தேகப்படத் தக்க நிலையில் ஒருவரிடம் இருந்து, அது முறையாக வந்ததை அவர் காட்ட முடியாவிட்டால், 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்தாண்டு வரை சிறை. பழைய பொருள் என்பது காரணம் ஆகாது. ரயில்வே தன் கழிவுப் பொருட்களை ஏலத்தில் விற்கிறது. அந்த ஏலத்தில் எடுத்தவரின் ரசீது நகலோடு வரும் பொருளை மட்டும் வாங்குங்கள். காயலான் கடையில் வாங்கினாலும் தேதி, பொருள், எடை எழுதிய பில் கேட்டு வாங்குங்கள். குடும்பத்தில் வந்தது என்றால் யாருடையது, என்ன வேலை, எந்த ஸ்டேஷனில் ஓய்வு பெற்றார் என்று எழுதிப் பெரியவர் ஒருவரின் கையெழுத்து வாங்கி வையுங்கள். நூறாண்டு தாண்டிய பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பத் தொல்பொருள் சட்டம் 1972 தடை போடுகிறது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர் நல்ல விலை சொல்கிறார் என்று பார்சல் கட்டிவிடாதீர்கள்.

டோக்கன் தனி விஷயம். ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வராமல் காத்தது ஸ்டேஷனில் நீல்ஸ் என்ற கருவியிலிருந்து எடுத்துத் தரும் இரும்பு உருண்டையான இந்த டோக்கன்தான். வளையம் கோத்த தோல் பையில் அதைப் போட்டு ஓடும் என்ஜினுக்கு நீட்டுவார்கள். இரண்டு ஸ்டேஷன் பெயரும் பொறித்திருக்கும் என்பதால் ஊர் வரலாற்றுக்கு இதைவிட நேரான சாட்சி இல்லை. ஆனால் ஒரு டோக்கன் காணாமல் போனால் அந்தக் கருவியையே நிறுத்திவிட்டுக் காகிதத்தில் லைன் கிளியர் என்ற அனுமதியை எழுதி ரயில் விட வேண்டிவரும். ரயில் ஓடிக்கொண்டிருக்கும் பாதையின் பெயர் பொறித்த டோக்கன் கைக்கு வந்தால் பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டரிடம் கொடுத்துவிடுங்கள். படம் மட்டும் போதும்.

இவ்வளவு சொன்ன பிறகும் எங்கள் கருத்து இதுதான்: பெட்டியில் இருப்பதில் மிக விலையுள்ளது பித்தளை அல்ல, காகிதம். வீட்டுக்காரர்கள் விளக்கை எடுத்துக்கொண்டு காகிதக் கட்டைப் பேரீச்சம்பழக்காரரிடம் போட்டுவிடுகிறார்கள். ஊழியர்களுக்கு மட்டும் கொடுத்த ஒர்க்கிங் டைம்டேபிள் புத்தகம் ஒன்று இருந்தால், எந்த ஸ்டேஷனில் எத்தனை மணிக்கு எந்த ரயில் எதற்காகக் காத்திருந்தது, எங்கே என்ஜினுக்குத் தண்ணீர் பிடித்தார்கள், எந்தப் பாலத்தில் வேகத்தைக் குறைத்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். எந்த நூலகத்திலும் எளிதில் கிடைக்காத புத்தகம் அது. மாற்றல் உத்தரவு, பாஸ், அபராத மெமோ, குவார்ட்டர்ஸ் ஒதுக்கிய கடிதம் எதையும் வீசாதீர்கள். தண்டவாளத்தை மாற்றிவிடும் ஊழியரான ஒரு பாயின்ட்ஸ்மேனின் மாற்றல் உத்தரவுகளை வரிசையாக அடுக்கினால் ஒரு காலத்தில் எந்தெந்தச் சின்ன ஸ்டேஷனில் ஆள் வைத்திருந்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

பொருளில் ஊர்ப் பெயர் கிடைத்ததும் தேடல் எங்கே போக வேண்டும்? முதலில் மாவட்ட விவரங்களைத் தொகுத்த நூலான மாவட்ட கெசட்டியர். மதுரை, தஞ்சாவூர் கெசட்டியர்கள் 1906-லும் திருச்சி 1907-லும் திருநெல்வேலி 1917-லும் வந்தவை. போக்குவரத்து அத்தியாயத்தில் ஒவ்வொரு பாதையும் திறந்த கதை இருக்கும். தஞ்சை ஜில்லா போர்டு நிலவரியோடு தனியாக ரயில்வே வரி வசூலித்து, அந்தப் பணத்தில் மாயவரம்–முத்துப்பேட்டைப் பாதையை 1894-ல் திறந்தது. டெல்டா மிராசுதாரரும் குடியானவரும் கொடுத்த காசில் வந்த ரயில் அது என்பது தெரிந்த பிறகு, அந்தப் பாதையின் டிக்கெட்டைக் கையில் எடுப்பதே வேறு மாதிரி இருக்கிறது. கெசட்டியர் போதாதென்றால் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். பொதுப்பணித் துறையின் ரயில்வே கோப்புகளைக் கேளுங்கள். வெறுங்கையோடு போகாமல், பாதையின் பெயர், தோராயமான ஆண்டு, பழைய ஆங்கில எழுத்துக்கூட்டல் மூன்றையும் எழுதிக்கொண்டு போனால்தான் அட்டவணையில் தேட முடியும். தரங்கம்பாடி என்று தேடினால் வராது, ட்ராங்கிபார் என்று தேட வேண்டும்.

மூடிய பாதை மண்ணில் எங்கே போனது என்பதற்குத் தாலுகா அலுவலகம் போதும். கிராமத்தின் அ-பதிவேட்டில் ரயில்வே நிலம் எந்தப் புல எண் என்று இருக்கும். புல வரைபடத்தில் நீண்டு ஒடுங்கிய பட்டையாகத் தெரியும். அந்த எண்களை வரிசையாகப் பிடித்து நடந்தால் மேடான கரை, வாய்க்கால் மேல் கல் கட்டிய மதகு, தூர்ந்த கிணறு, தண்ணீர்த் தொட்டியின் அடித்தளம் என்று ஒவ்வொன்றாகக் கிடைக்கும். மதகின் நெற்றிக்கல்லில் ஆண்டு வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கையோடு அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள், கல்லைப் பெயர்க்காதீர்கள்.

வயதான ஊழியர்களிடம் பேசப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய கதை சொல்லுங்கள் என்று கேட்டால் எல்லாருக்கும் ஒரே கதைதான் வரும். ராத்திரி எந்த ரயிலுக்கு எந்த ரயில் கிராசிங், கேட்டை யார் சாத்துவார், மழையில் எந்த மைலில் கரை அரிக்கும், சந்தை நாளில் எத்தனை டிக்கெட் கூடுதலாகக் கிழியும் என்று கேளுங்கள். பொருளைக் கையில் கொடுத்துக் கேட்டால் இன்னும் நல்லது. சொல்வதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். இந்தப் பகுதியில் மீட்டர் கேஜில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் இப்போது முதியவர்கள். விழுப்புரம்–மயிலாடுதுறைப் பாதையில் மீட்டர் கேஜ் 2006-ல் நின்றது. மதுரை–போடியில் 2010 கடைசி நாளோடு நின்றது. இதைத் தள்ளிப்போட முடியாது.

பொருளை வைத்துக்கொள்ள இடமில்லாதவர்கள் பெரம்பூர் ஐ.சி.எப். அருகே 2002 முதல் இருக்கும் ரயில் அருங்காட்சியகத்தையோ திருச்சியில் 2014-ல் தொடங்கியதையோ அணுகலாம். கொடுக்கும்போது பொருளோடு அதன் ஊர்க் குறிப்பையும் எழுத்தில் கொடுத்து, இரண்டும் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். குறிப்பு இல்லாமல் கொடுத்த பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள் போய் வெறும் கை விளக்கு ஆகிவிடும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி வாசகர்கள் அனுப்பும் ரயில் பொருட்களின் படங்களை வெளியிடும்போது நான்கு செய்திகளைக் கட்டாயமாக்குங்கள்: எந்த ஸ்டேஷன் அல்லது பாதை, யாரிடமிருந்து யாருக்கு வந்தது, பொருளில் உள்ள எழுத்து முழுவதும் எழுத்துப் பிசகாமல், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுக்குள் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள். தெரியாததைத் தெரியாது என்றே போடலாம். அடுத்த ஊரில் படிப்பவர் ஒருவருக்கு அது தெரிந்திருக்கும். மாவட்டப் பக்கத்தில் வாரம் ஒரு படத்துக்கு இடம் கிடைத்தால் போதும். மயிலாடுதுறை–தரங்கம்பாடிப் பாதையின் டிக்கெட், டைம்டேபிள், ஸ்டேஷன் படம் எது யாரிடம் இருந்தாலும் அதிலிருந்தே தொடங்கலாம். எங்களிடம் உள்ளவற்றின் படங்களை இந்த நான்கு குறிப்போடு இத்துடன் இணைத்திருக்கிறோம். ஆக்கூர் ஸ்டேஷன் கட்டடத்தின் படம் மட்டும் இல்லை. யாரிடமாவது இருந்தால் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பழைய ரயில்வே பொருட்கள் சேகரிப்போர் சிலர்,
மயிலாடுதுறை